கண்டு கொடுத்தல்: அபே அரங்கின் இருபத்தோராம் ஆண்டு



அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிப் பெருஞ்சித்திரனார் நெடுந்தொலைவு நடந்து வந்தார். மன்னன் அவரை நேரிற் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனைப் பெற மறுத்துவிட்டார். பரிசில் சிறிது என்பதற்காக அவர் மறுக்கவில்லை. புலமையைக் கண்டறிந்து கொடுப்பதே கொடை. காணாமற் கொடுப்பது கூலி என்பது அவர் கொண்ட கொள்கை. புறநானூற்றின் 208ஆம் பாடல் இச்செய்தியைத் தாங்கி நிற்கிறது. வேறு பாடல்களில் தம் இல்லத்து வறுமையை உள்ளம் உருகப் பாடியவரும் அவரே. பசியை அறிந்தவர் மறுத்தார் என்பதால்தான் அம்மறுப்பு மதிப்புப் பெறுகிறது.

கலைக்குப் பொருள் வேண்டும். ஏட்டில் எழுதும் கவிஞனைக் காட்டிலும் மேடையில் நடிக்கும் குழுவுக்கு அது மிகுதியாக வேண்டும். கவிதைக்குத் தாளும் மையும் போதும். நாடகத்துக்கோ இடம் வேண்டும், விளக்கு வேண்டும், திரையும் உடையும் வேண்டும், பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வருவோரின் வயிற்றுக்கும் ஏதேனும் வேண்டும். ஆதலின் ஒரு சிறு நாடகக் குழுவின் வரலாறு பெரும்பாலும் அது உதவி கேட்ட வரலாறாகவே அமைந்துவிடுகிறது. யாரிடம் கேட்டது, எதனைக் கொடுத்துப் பெற்றது, எதனைக் கொடுக்க மறுத்தது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டால் அக்குழுவின் தரம் விளங்கிவிடும். அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் தோன்றிய அபே அரங்கு, தன் முதல் இருபத்தோராண்டுகளில் இம்மூன்று வினாக்களையும் ஒருசேரச் சந்தித்தது. கவிஞர்கள் தோற்றுவித்த அரங்கு அது என்பதால் இலக்கிய வட்டமொன்றின் விழாவில் அதனை நினைப்பது பொருத்தமே.

1925 டிசம்பர் 27. அன்று அபே அரங்கு தன் இருபத்தோராம் ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. யேட்ஸ், சிங், கிரெகரி அம்மையார் ஆகிய மூவரின் சிறு நாடகங்கள் அன்று மேடையேறின. மூவருள் சிங் 1909ஆம் ஆண்டிலேயே, நாற்பது வயது நிரம்புமுன் மறைந்துவிட்டவர். யேட்ஸ் இரண்டாண்டுகட்கு முன் நோபல் பரிசு பெற்றிருந்தார். கிரெகரி அம்மையாருக்கு அப்போது வயது எழுபத்து மூன்று. அவ்வாண்டுதான் அயர்லாந்தின் புதிய அரசு இவ்வரங்குக்கு 850 பவுண்டு நிதியுதவி வழங்கியிருந்தது. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் அரசின் ஆண்டு நிதியுதவி பெற்ற முதல் நாடக அரங்கு இதுவே என்பர். விழாவின் மகிழ்ச்சிக்குக் குறையேதும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த மகிழ்ச்சிக்குள் ஒரு முள்ளும் இருந்தது. ஆறு வாரத்தில் மேடையேறவிருந்த நாடகமொன்று, பெற்ற பணத்துக்கும் பெற்றோரின் உரிமைக்கும் இடையே ஏற்கெனவே பூசலை மூட்டியிருந்தது. அப்பூசல் எவ்வாறு முடிந்தது என்பதை அறியுமுன், அந்த அரங்கு அதுவரை யார் யாரிடம் கையேந்தி நின்றது என்பதை அறிதல் வேண்டும்.

தொடக்கம் ஒரு கடிதம். யேட்ஸ், கிரெகரி அம்மையார், எட்வர்டு மார்ட்டின் ஆகிய மூவரும் அயர்லாந்துக்கென ஓர் இலக்கிய நாடக அரங்கு வேண்டும் என்று எண்ணி, அறிந்தோர்க்கும் அறியாதோர்க்கும் கடிதம் எழுதினர். கேட்ட தொகை 300 பவுண்டு. நட்டம் வந்தால் ஈடுசெய்வோம் என்ற உறுதிமொழியே கேட்கப்பட்டது. பலர் கையொப்பமிட்டனர். ஆனால் 1899 மே மாதம் முதல் நாடகங்கள் நடந்தபோது நேர்ந்த இழப்பை மார்ட்டினே ஏற்றுக்கொண்டதால் ஒருவரிடமும் பணம் வாங்கப்படவில்லை. பணத்துக்கு முன்பே சட்டமும் குறுக்கே நின்றது. உரிமம் பெற்ற பெரிய அரங்குகளில் அன்றிப் பிற இடங்களில் கட்டணம் பெற்று நாடகம் நடத்த டப்ளினில் அனுமதி இல்லை. 1898ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தில் ஒரு சிறு பிரிவைச் சேர்க்கச் செய்தே அவர்கள் மேடை ஏறினர்.

அந்த முயற்சி மூன்றாண்டுகளில் ஓய்ந்தது. நடிகர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். எழுத்து அயர்லாந்தினுடையது, குரல் அதனுடையதன்று. அக்குறையை நிறைவு செய்தவர் ஃபே சகோதரர் இருவர். ஒருவர் மின்பணியாளர், மற்றவர் அலுவலக எழுத்தர். அவர்களுடைய குழுவினரும் அலுவலகங்களிலும் கடைகளிலும் பகற்பொழுதைக் கழித்து இரவில் ஒத்திகை பார்த்தவர்கள். கேம்டன் தெருவில் அவர்கள் வாடகைக்கு எடுத்த கூடத்தில் மழை பெய்தால் கூரை ஒழுகும். குளிர்காலத்தில் அமர முடியாது. 1902 ஏப்ரலில் வேறொரு கூடத்தில் அவர்கள் நடித்த 'கேத்லீன் நி ஹூலிஹன்' டப்ளினை உலுக்கிற்று. வறிய கிழவி ஒருத்தி வீட்டு வாயிலில் வந்து நிற்கிறாள். மணநாளை எதிர்நோக்கியிருக்கும் இளைஞன் அவளோடு புறப்பட்டுவிடுகிறான். அவள்தான் அயர்லாந்து. யேட்ஸ் பெயரில் வழங்கிய அந்நாடகத்தின் பெரும்பகுதி கிரெகரி அம்மையாரின் எழுத்து என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர்.

இந்த இடத்தில் தமிழகத்தோடு தொடர்புடைய ஒரு பெயரைக் குறிப்பிடல் தகும். ஃபே சகோதரர்களைக் கவிஞர் ஏ.இ. என்னும் ஜார்ஜ் ரசலுக்கு அறிமுகம் செய்துவைத்து, அக்குழுவுக்குத் தாமும் நாடகம் எழுதியவர் ஜேம்ஸ் கசின்ஸ். 1915ஆம் ஆண்டு அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து, பின் மதனப்பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்து, அங்கேயே 1956இல் மறைந்த அதே கசின்ஸ்தான் இவர். அவருடைய துணைவியார் மார்கரெட் கசின்ஸ் 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர். டப்ளின் கூடமொன்றில் கவிஞரையும் நடிகரையும் சேர்த்துவைத்த ஒருவர் வாழ்வின் பிற்பகுதியைத் தென்னிந்தியாவுக்கு அளித்தார் என்பது இருநாட்டு மறுமலர்ச்சிகளுக்கும் இடையே ஓடிய இழைகளுள் ஒன்று.

1903 மே மாதம் இக்குழு லண்டனுக்குச் சென்று ஒரே நாளில் பகலும் இரவும் நடித்தது. மிகையற்ற நடிப்பையும் இசைபோன்ற பேச்சையும் லண்டன் திறனாய்வாளர்கள் பாராட்டினர். அப்பாராட்டின் பின்னே ஒரு புரவலரும் வந்து சேர்ந்தார். தேயிலை வணிகத்தால் செல்வம் சேர்த்த ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்த ஹார்னிமன் அம்மையாரே அவர். லோயர் அபே தெருவிலிருந்த பழைய கூடமொன்றையும், அதனை ஒட்டி நகரத்தின் பிணக்கிடங்காக இருந்த கட்டடத்தையும் அவர் பெற்று, ஒன்றாக்கி, அரங்காக அமைத்துக் கொடுத்தார். 562 இருக்கைகள். ஹார்னிமன் அயர்லாந்தில் வாழாதவர் ஆதலின் உரிமம் கிரெகரி அம்மையாரின் பெயரில் வழங்கப்பட்டது. 1904 டிசம்பர் 27ஆம் நாள் திரை உயர்ந்தது. ஒழுகும் கூரையிலிருந்து சொந்த மேடைக்கு வந்தவர்களின் நெஞ்சம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதைச் சிறு குழுக்களில் உழைத்தவர்கள் எளிதில் உணர்வர்.

ஹார்னிமன் அம்மையாரின் கொடை பெரிது. அவரின்றி அபே அரங்கு இல்லை. ஆனால் கொடையோடு நிபந்தனைகளும் வந்தன. ஆறு பென்னி விலையுள்ள மலிவு இருக்கை கூடாது என்பது அவற்றுள் ஒன்று. டப்ளினின் பிற அரங்குகளில் உழைக்கும் மக்கள் ஆறு பென்னிக்கு நாடகம் பார்த்தனர். அபேயில் ஒரு ஷில்லிங், அதாவது இருமடங்கு, கொடுக்க வேண்டியிருந்தது. நாட்டு மக்களுக்காக எழுதப்பட்ட நாடகத்தை அம்மக்கள் காண முடியாமற் போயிற்று. 1906ஆம் ஆண்டு இறுதியில்தான் அவ்விதி தளர்ந்தது. நடிகர்களுக்கு ஊதியம் கொடுக்க அவர் முன்வந்ததும் குழு இரண்டாகப் பிளந்தது. அன்புக்காக நடித்தவர்கள் சிலர், ஊதியத்துக்குக் கட்டுப்பட விரும்பாமல் பிரிந்து சென்றனர். பணமில்லாத நாளில் ஒன்றாக இருந்தவர்கள் பணம் வந்த நாளில் பிரிந்தனர். இது டப்ளினுக்கு மட்டும் உரிய கதையன்று.

அரங்கைக் கட்டிய கொடையாளரைப் போலவே அரங்கின் எதிரே அமர்ந்த மக்களும் ஒருவகைப் புரவலரே. அவர்களோடும் மோதல் நேர்ந்தது. 1907 ஜனவரி 26ஆம் நாள் சிங்கின் 'மேற்குலகின் விளையாட்டுப்பிள்ளை' முதன்முறை நடந்தது. தந்தையைக் கொன்றதாகச் சொல்லும் இளைஞனை ஒரு சிற்றூர் வீரனாகக் கொண்டாடுவது கதை. அயர்லாந்தின் உழவர்களையும் பெண்களையும் இழிவுபடுத்துவதாகச் சினந்தவர்கள், பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல் மேடையில் ஒலித்ததும் பெருங்கூச்சலிட்டனர். அவ்வாரம் முழுதும் நடிகர்களின் வாய் அசைவதுதான் தெரிந்தது, சொல் கேட்கவில்லை. காவலர்கள் அரங்கினுள் நின்றனர். ஆயினும் அறிவித்த நாட்கள் அனைத்திலும் நாடகம் நடந்தது. அடுத்த வாரம் அதே அரங்கில் யேட்ஸ் பொதுவிவாதம் ஒன்றைக் கூட்டி, எதிர்த்தோரையும் பேசவிட்டார். கதவை அடைப்பதினும் மேடையைக் கொடுப்பதே மேல் என்ற அறிவு அதில் உண்டு.

இந்நிகழ்ச்சிகளை எல்லாம் நாள்தோறும் எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. பெயர் ஜோசப் ஹாலோவே. அரங்கைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் அவரே. ஏறத்தாழ எல்லா இரவும் நாடகம் பார்த்து, வீட்டுக்குத் திரும்பி, கண்டதையும் கேட்டதையும் எழுதினார். இருநூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அக்குறிப்புகள் அயர்லாந்தின் தேசிய நூலகத்தில் உள்ளன. சிங்கின் நாடகத்தை அவர் வெறுத்தார். ஓகேசியின் துணிவு அவருக்கு ஒப்பவில்லை. ஆனால் வருவதை நிறுத்தவில்லை. பிடித்தால் மட்டும் வருபவன் வாடிக்கையாளன். பிடிக்காதபோதும் வந்து அமர்ந்து, ஏன் பிடிக்கவில்லை என்று சொல்பவன் சுற்றத்தான். சிறு குழுக்கள் பலவற்றுக்கும் இத்தகைய ஒருவர் வாய்ப்பதில்லை.

கொடைக்கும் உரிமைக்கும் இடையேயான முதற்பெருஞ்சோதனை 1910இல் வந்தது. மே 6ஆம் நாள் ஏழாம் எட்வர்டு மன்னர் மறைந்தார். மறுநாள் டப்ளினின் பிற அரங்குகள் மூடப்பட்டன. அபேயின் இளம் மேலாளர், என்ன செய்வது என்று கேட்டு கிரெகரி அம்மையாருக்குத் தந்தி அடித்தார். மரியாதை கருதி மூடுக என்ற விடை காலந்தாழ்ந்து வந்தது. அதற்குள் பிற்பகல் ஆட்டம் தொடங்கிவிட்டது. மாலையிலும் அரங்கு திறந்திருந்தது. இதனை அரசியற் செயலாகக் கருதிய ஹார்னிமன் அம்மையார் வெகுண்டார். கலைக்காகக் கொடுத்த பணம் அரசியலுக்குப் பயன்படக் கூடாது என்பது அவர் நெடுநாளாகச் சொல்லிவந்த விதி. அரங்கினர் வருத்தம் தெரிவித்தும் அவர் அமைதியுறவில்லை. தரவேண்டிய எஞ்சிய தொகையை நிறுத்தினார். வழக்கு நடுவரிடம் சென்றது. மான்செஸ்டர் கார்டியன் இதழின் ஆசிரியர் சி.பி. ஸ்காட் 1911இல் அரங்குக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 400 பவுண்டு அரங்கினர்க்கு உரியது என்றார்.

அந்த 400 பவுண்டை யேட்சும் கிரெகரி அம்மையாரும் பெற்றுக்கொள்ளவில்லை. தீர்ப்புக்குப் பின்னும் தங்கள் நேர்மையை ஐயுற்ற ஒருவரிடமிருந்து பணம் பெற அவர்களுக்கு மனமில்லை. அரங்கைத் தம் பொறுப்பில் விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்த காலம் அது. ஒவ்வொரு பவுண்டும் தேவைப்பட்ட காலம். பெருஞ்சித்திரனாரை அவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். ஆனால் நெடுந்தொலைவுக்கு அப்பால், வேறொரு மொழியில், அதே மறுப்பு மீண்டும் நிகழ்ந்தது.

பின்வந்த ஆண்டுகள் வறுமையின் ஆண்டுகள். அமெரிக்கப் பயணங்கள் ஓரளவு கைகொடுத்தன. அங்கும் 1912 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியா நகரில் சிங்கின் நாடகத்தை நடித்த குற்றத்துக்காக நடிகர்கள் கைது செய்யப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டனர். வறுமையிலும் பிறர்க்கு உதவ அரங்கு மறக்கவில்லை. 1913 மே 17ஆம் நாள் தாகூரின் 'அஞ்சல் நிலையம்' நாடகம் ஆங்கில வடிவில் அங்கு நடிக்கப்பட்டது. பேட்ரிக் பியர்ஸ் என்னும் கவிஞர் நடத்திவந்த பள்ளிக்கு நிதி திரட்டவே அன்று நாடகம் நடந்தது. தாகூருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதற்கு ஆறு மாதம் முந்திய செய்தி இது. அந்தப் பியர்ஸ்தான் 1916 ஈஸ்டர் எழுச்சிக்குத் தலைமை தாங்கி, ஆங்கில அரசால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வெழுச்சியின் முதல் நாளிலேயே போராளிகள் பக்கம் உயிர்துறந்தவர்களுள் ஷான் கொனலி அபே அரங்கின் நடிகர். தம் நாடகம் இளைஞர்களைச் சாவுக்கு அனுப்பியதோ என்ற வினா முதுமையிலும் யேட்சை விடவில்லை.

உலகப் போர், விடுதலைப் போர், ஊரடங்கு, உள்நாட்டுப் போர் என்று அடுத்தடுத்து வந்தவற்றால் அரங்கில் கூட்டம் குறைந்தது. 1921இல் லண்டனில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் யேட்ஸ், பெர்னார்டு ஷா, கிரெகரி அம்மையார் முதலியோர் சொற்பொழிவுகள் ஆற்றி அரங்குக்காக நிதி திரட்டினர். கிரெகரி அம்மையார் நாடகம் எழுதியதோடு நிற்கவில்லை. கணக்குப் பார்த்தார், கடிதம் எழுதினார், கோல்வே மாவட்டத்துத் தம் ஊரிலிருந்து பழங்கள் செறிந்த பெரிய ரொட்டியைச் சுமந்து வந்து நடிகர்களுக்குப் பகிர்ந்தளித்தார். 1919இல் நடிகை ஒருவர் வர இயலாதபோது, அறுபத்தேழு வயதில், 'கேத்லீன்' நாடகத்துக் கிழவியாகத் தாமே மூன்று நாள் மேடையேறினார். கணவரை இழந்து, ஐம்பதை அணுகும் வயதில் நாடகம் எழுதத் தொடங்கியவர் அவர். யேட்ஸ் 1923 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியபோது தம் கவிதையைப் பற்றிப் பேசவில்லை. அயர்லாந்தின் நாடக இயக்கத்தைப் பற்றியே பேசினார். அந்தப் பெருமையில் கிரெகரி அம்மையாருக்கும் மறைந்த சிங்குக்கும் பங்கு உண்டு என்று அந்த அவையில் உணர்த்தினார். கவிஞர் ஒருவர் தம் வாழ்வின் மிகப் பெரிய மேடையைத் தம் சிற்றரங்குக்குக் கொடுத்தார்.

அரங்கைக் கடனிலிருந்து மீட்டவர் புதிய எழுத்தாளர் ஒருவர். ஷான் ஓகேசி டப்ளினின் ஏழைக் குடியிருப்புகளை அறிந்த கூலித் தொழிலாளி. அவருடைய முந்தைய படைப்புகளை அரங்கினர் திருப்பியனுப்பியபோதும் கைவிடாமல் ஊக்கினர். 1923இல் 'துப்பாக்கிக்காரனின் நிழல்', 1924இல் 'ஜூனோவும் மயிலும்' ஆகிய நாடகங்கள் வந்தன. கூட்டம் நெரிந்தது. அயர்லாந்து விடுதலை பெற்ற புதிய நாடாகியிருந்தது. நிதியமைச்சர் எர்னஸ்ட் பிளைத் 1925இல் 850 பவுண்டு கொடுக்க இசைந்தார். அதற்கு ஈடாக இயக்குநர் குழுவில் அரசின் சார்பாளர் ஒருவர் இடம்பெற வேண்டும் என்றாயிற்று. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஓ'பிரையன் அவ்வாறு வந்தார்.

அவர் வந்து சேர்ந்த சில திங்களில் ஓகேசியின் 'கலப்பையும் விண்மீன்களும்' கையெழுத்துப்படி இயக்குநர்களிடம் வந்தது. 1916 எழுச்சியே கதைக்களம். இரண்டாம் அங்கம் மதுக்கடையில் நிகழ்கிறது. வெளியே தலைவர் ஒருவர் குருதி சிந்துதலின் உயர்வைப் பேசுகிறார். உள்ளே வறுமையால் உடலை விற்கும் பெண்ணொருத்தி, வருவாய் இல்லையே என்று வருந்துகிறாள். போராளிகள் கொடியோடு மதுக்கடைக்குள் வருகின்றனர். ஓ'பிரையன் தீயவர் அல்லர், அஞ்சினார். இப்பெண் மேடையில் தோன்றினால் பழி எழும், அரசின் உதவியே நின்றுவிடும் என்றார். நாடக இலக்கியத்துக்குப் புறம்பான காரணத்தைக் கொண்டு எதனையும் நீக்குவது தங்கள் மரபையே மறுப்பதாகும் என்பது யேட்சின் விடை. உதவித்தொகையா, உரிமையா என்று தேர்ந்தெடுக்க நேர்ந்தால் உரிமையையே தேர்வோம் என்று கிரெகரி அம்மையார் தெளிவுபடுத்தினார். சில சொற்களும் ஒரு பாட்டும் நீக்கப்பட்டன. அந்தப் பெண் நீக்கப்படவில்லை.

டிசம்பர் 27ஆம் நாள் விழா நடந்தது இந்நிலையில்தான். நன்றி சொல்லும் நாளில் நன்றிக்கும் அடிமைத்தனத்துக்கும் இடையே கோடு கிழிக்க வேண்டிய நிலை. அவர்கள் இரண்டையும் செய்தனர்: கொடுத்த அரசை வாழ்த்தினர், கொடுத்ததற்காக நாடகத்தை மாற்றவில்லை.

1926 பிப்ரவரி 8ஆம் நாள் நாடகம் தொடங்கியது. 11ஆம் நாள் இரவு கலவரம் மூண்டது. பார்வையாளர் சிலர் மேடைமேல் ஏறினர். நடிகர்கள் அவர்களைக் கைகலந்து தள்ளினர். யேட்ஸ் மேடைக்கு வந்து, சிங்குக்குச் செய்ததையே மீண்டும் செய்து இழிவு தேடிக்கொண்டீர்கள் என்று கூட்டத்தைக் கடிந்தார். கூச்சலில் அவர் குரல் கேட்கவில்லை. காவலர்கள் வந்தனர்; நாடகம் தொடர்ந்தது. இவ்விடத்தில் எதிர்த்தோரின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது அறமன்று. எதிர்ப்புக்கு முன்னின்றவர் ஹன்னா ஷீஹி-ஸ்கெஃபிங்டன். அவருடைய கணவர் 1916இல் ஆங்கிலப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவரோடு வந்தவர்களுள் கணவரையும் மகனையும் இழந்த பெண்கள் பலர். பத்தாண்டுக்குள் தங்கள் துயரம் மதுக்கடைக் காட்சியாயிற்றே என்று அவர்கள் நொந்தது பொய்யான நோவன்று. ஆனால் அவ்வெழுச்சியில் தெருவோரத்து ஏழைகளும் மாண்டனர், அவர்களுக்குச் சிலை இல்லை என்று ஓகேசி எழுதியதும் பொய்யன்று. அடுத்த மாதம் ஹன்னாவும் ஓகேசியும் பொதுமேடையில் எதிரெதிர் நின்று வாதிட்டனர். அரசு உதவியை நிறுத்தவில்லை.

வெற்றிக்கதையாக இதனை முடித்துவிடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. உரிமையைக் காத்தவர்களே 1928இல் ஓகேசியின் அடுத்த நாடகத்தைத் தம் சுவைக்கு ஒவ்வாதென்று திருப்பியனுப்பினர்; அவர் மனம் புண்பட்டு அவ்வரங்கைவிட்டு நீங்கினார். அரசின் ஆணைக்கு அஞ்சாதவர்கள் தம் பிழைக்குத் தப்பவில்லை. உதவி வழங்கிய பிளைத் 1941இல் அரங்கின் மேலாண்மை இயக்குநராகவே ஆகி, இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் அதனை நடத்தினார்; அரங்கின் துணிவு மங்கிய காலம் அது என்று கருதுவோர் பலர். 1951 ஜூலையில் பழைய கட்டடம் தீக்கிரையாயிற்று. 1966 ஜூலையில்தான் புதிய கட்டடம் திறக்கப்பட்டது.

விழாக்களும் அரங்கைச் சோதித்தன. 1916 எழுச்சியின் நூற்றாண்டுக்கென 2015 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட நாடக வரிசையில், பத்து நாடகங்களுள் பெண் எழுதியது ஒன்றே ஒன்று. கிரெகரி அம்மையார் உரிமம் தாங்கிய அரங்கு இது! நாடகத் துறைப் பெண்கள் வெகுண்டு எழுந்தனர். நவம்பர் 12ஆம் நாள் அபே அரங்கிலேயே இருக்கைகள் நிரம்பக் கூடி, தங்கள் இடம் எங்கே என்று வினவினர். 1907இல் யேட்ஸ் திறந்துவைத்த அதே வழக்கம் அன்று பயன்பட்டது: எதிர்ப்போர்க்கு மேடை கிடைத்தது, அரங்கும் தன் போக்கைத் திருத்திக்கொள்ள முன்வந்தது. விழாக் காலம் மாலை சூடும் காலம் மட்டுமன்று. கணக்குக் காட்டும் காலமும் ஆகும்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்துக்கும், நாளை மேடை அமைக்கப் புறப்படும் இளைஞர் குழுவுக்கும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை சில உண்டு. உதவி கேட்பது இழிவன்று; யேட்சும் கிரெகரியும் கூச்சமின்றிக் கேட்டனர். ஒருவரிடம் பெரிதாகப் பெறுவதினும் பலரிடம் சிறிதாகப் பெறுவது நலம். ஒரு புரவலரின் சினம் ஓர் அரங்கையே அசைத்துவிட்டது. ஏழையின் ஆறு பென்னியை வேண்டாவென்று விலக்கும் கொடை, எவ்வளவு பெரிதாயினும், அரங்கின் பாதியை எடுத்துக்கொண்டே கொடுக்கிறது. பெறுமுன் எதனைக் கொடுக்கமாட்டோம் என்பதைத் தெளிந்துகொண்டால், பெறும்போது தலைகுனிய வேண்டியதில்லை.

பெருஞ்சித்திரனாரை வாழ்நாளெல்லாம் மறுத்தவராக எண்ணிவிடலாகாது. குமணன் அவரை அறிந்து அளித்த யானையை மகிழ்ந்து ஏற்றவரும் அவரே. இரந்தபோது தகவின்றி நடந்த இளவெளிமானின் காவல்மரத்தில் அதனைக் கட்டிக் காட்டியவரும் அவரே. கொடையை அவர் வெறுக்கவில்லை. காணாத கொடையை வெறுத்தார். நாடகத்துக்கு இக்கருத்து இருமடங்கு பொருந்தும். நாடகம் காணப்படுவதற்கென்றே பிறந்த கலை. காசோலை அனுப்பிவிட்டு வராமலிருப்பவர் அரங்கின் விளக்கை ஏற்றலாம். அவ்விளக்கின் எதிரே ஒரு முகம் இல்லையேல் அது யாருக்காக எரிகிறது? ஹாலோவே நாள்தோறும் வந்தார், குறை சொன்னார், மீண்டும் வந்தார். அவர் கொடுத்ததற்கு இணையான கொடையை எந்த அரசும் எந்தச் செல்வரும் அபே அரங்குக்குக் கொடுத்ததில்லை.

ஊரில் ஒரு சிறு குழு நாடகம் போடுகிறது என்று கேள்விப்பட்டால், நிதி கொடுக்க இயல்பவர் கொடுக்கட்டும். அதற்கு முன் ஓர் இரவேனும் சென்று இருக்கையில் அமரட்டும். கண்டு கொடுப்பதே கொடை. வந்து காண்பதே முதற்கொடை.